முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாம்

போன சனிக்கிழமை டூட்டிங் கடையில் யாரோ ஒரு கராம்புப் பைக்கற்றைத் தவறவிட, அது உடைந்து நிலமெல்லாம் சிதறியது. அந்த வாசம் எழுந்ததும் கையிலிருந்த மரக்கறிக் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உனக்காக அதே கடையில் எத்தனை முறை கராம்பு வாங்கியிருப்பேன்! சபாத் முடிகிற மாலையில் அதை முகர்வது யூதர்களான உங்கள் வழக்கம். "ஓய்வுநாள் போகேக்கை மனம் சோர்ந்துபோகும். அதுக்கொரு ஆறுதல்" என்பாய். நீ பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் எங்கள் பேச்சாகவே கேட்கிறது.

நீ போய் ஏழு மாதம். இந்த மடலை அன்பினால்தான் எழுதுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நூலகக் கவுண்டரில் பதினொரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஒருநாள் புத்தகம் தேடி வந்த ஒரு முதியவர்மேல் நான் சீறி விழுந்ததைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு சின்னக் கொப்பியை என் முன் வைத்தாய். குணத்தைத் திருத்த உங்கள் மக்கள் பழகிவரும் பயிற்சி அது, பெயர் முசார் என்றாய். வாரத்துக்கு ஒரு குணம்: பொறுமை, பணிவு, நாவடக்கம் என்று. அன்றன்று சறுக்கியதை மறைக்காமல் எழுதவேண்டும். புதன்கிழமைகளில் ஒருவருக்கொருவர் வாசிக்கவேண்டும்.

"பெரிய தவமொண்டும் வேண்டாம். பஸ்ஸிலை இடிச்சவனோடை எப்பிடிக் கதைச்சாய் எண்டதைப் பார், அது போதும்."

என் பக்தி கோயில் வாசலோடு நின்றுவிடும். நீ காட்டியது அடுப்படி வரைக்கும் வந்தது. அதனால்தான் நம்பினேன். நாவடக்க வாரத்தில் நீ சொன்ன சட்டம் இன்னும் என் கொப்பியில் இருக்கிறது: "ஒருத்தரைப் பற்றி மற்றவைக்குச் சொல்லித்தான் ஆகவேணும் எண்டாலும், முதல்லை அவரிட்டையே போய்ச் சொல்லவேணும்."

பொறுமை வாரம் மறுபடி வந்தபோது அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. ஊட்டிய சோற்றை என் முகத்தில் துப்பினா. நான் அவவின் கையைக் கிள்ளிவிட்டேன். தோல் கன்றிப்போனது. வெட்கத்தோடு அதை எழுதி உனக்கு வாசித்தேன்: "என்ர கை என்னைக் கேளாமல் போட்டுது." நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அதை இரக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் கவுன்சிலின் முதியோர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி தாளைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கள் கை உங்களைக் கேளாமல் போய்விட்டதாமே?" அந்த வசனத்தை நான் உனக்கு மட்டும்தான் வாசித்திருந்தேன்.

விசாரணை முடியும்வரை அம்மாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்தார்கள். ஒன்பது நாள். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. நான் பார்க்கப் போனபோது உதடு வெடித்துக் கிடந்தா. "தண்ணி கேட்டனான் பிள்ளை, ஒருத்தரும் தரேல்லை" என்றா. அவர்களுக்கு அது பிதற்றலாகத்தான் கேட்டிருக்கும். பிறகு வீட்டுக்கு விட்டார்கள். காலையில் உதவிக்கு ஒரு பெண்ணையும் அனுப்பினார்கள். அது நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மா சாகும்வரை என் கையால் வாங்கிச் சாப்பிடவேயில்லை. நான் ஸ்பூனை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வா.

நூலகத்தில் நான் வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். உங்கள் பாவமன்னிப்பு நாளுக்கு முதல்நாள் மோர்டனிலுள்ள என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாய். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும், மூன்று முறையாவது கேட்கவேண்டும் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய்.

"உனக்கு வந்த வேதனைக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"வேதனைக்கோ? செய்ததுக்கு இல்லையோ?"

"அம்மாவுக்கு ஆபத்தெண்டு நினைச்சனான். அதைப் பிழையெண்டு சொல்ல என்னாலை ஏலாது."

"அதைச் சொல்லச் சொல்லி நானும் கேக்கேல்லை. ஏன் முதல்லை என்னட்டைச் சொல்லேல்லை?"

நீ கோட்டுப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினாய். நான் கதவைச் சாத்தினேன்.

அடுத்த வருடமும் வந்தாய். அதே பேச்சு, அதே கேள்வி, மறுபடியும் கதவைச் சாத்தினேன். மூன்றாவது முறைக்கு நீ இருக்கவில்லை. மாசியில் மாரடைப்பு.

துக்கம் காத்த உன் வீட்டுக்குப் போனேன். உன் தங்கை உங்கள் துக்க வழக்கப்படி தாழ்வான கதிரையொன்றில் இருந்தாள். "நீங்கள் ஏன் வாறேல்லை எண்டு அக்காவைக் கேட்டனான். 'பிழை என்ரை, முதல்லை அவவிட்டைச் சொல்லியிருக்கவேணும்' எண்டு சொன்னா" என்றாள்.

நான் காத்திருந்த வசனம் அதுதான். அதையும் நீ என்னிடம் சொல்லாமல் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறாய்.

கொப்பி எழுதுவதை நான் விடவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அதில் எழுதினால் பொய்யாகும், ஆகவே எழுதவில்லை. ஆனால் நமக்குள் என்ன நடந்தது என்று நூலகத்தில் கேட்ட ஒருவருக்கும் நான் பதில் சொன்னதில்லை. கவுன்சிலுக்குச் சொன்னது யாரென்று என் கணவருக்கே தெரியாது. இந்த மடலிலும் உன் பெயரை எழுதவில்லை. உன்னிடம் சொல்லி முடிக்காததை வேறொருவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை.