'யாங்மாவ்' என்னும் சொற்குறித்து வெண்மணற்றுறைத் தலைவர்க்கு விடுத்த ஓலை

மழை பிழையாது பெய்க. மன்னர் கோல் வளையாது நிற்க. பனிவரை நாடாளும் இளங்கீரவேளின் திருவாணைப்படி, அமைச்சன் சேந்தன், வெண்மணற்றுறையின் தலைவர் மாறன் பொறையனார்க்கு விடுக்கும் ஓலை. நும் துறையும் கலங்களும் சுற்றமும் நலமுற வாழ்க.

சீனத்து வணிகர் லின் என்பாரை நீவிர் சிறையிட்டு, அவர் கொணர்ந்த கம்பளப் பொதிகளைப் பண்டசாலையில் பூட்டிய செய்தி எட்டியது. மலைக்கோட்டைக் காவலர்க்காக நாம் வேண்டியது செம்மறி மயிர்க் கம்பளம். பொதிமேல் எழுதியிருந்த 'யாங்மாவ்' என்னும் சொல்லுக்கோ வெள்ளாட்டு மயிர் என்று நும் மொழிபெயர்ப்பாளர் பொருளுரைத்தாராம். ஆகவே வணிகர் வஞ்சகர் ஆயினராம். அதன்மேல் நீவிர் புலவரவை கூட்டினீர். ஒருவர் வெள்ளாடு என்றார். மற்றவர் செம்மறி என்றார். ஐப்பசி போய்க் கார்த்திகையும் கழிந்தது.

யாம் செய்தது இவ்வளவே: சிறைக்கு ஆளனுப்பி வணிகரையே வினவினோம். மாவ் என்பது மயிர் என்றும், யாங் என்பது இருவகை ஆட்டுக்கும் பொது என்றும், பிரித்துச் சொல்ல வேண்டின் வெள்ளாட்டை ஷான்யாங் எனவும் செம்மறியை மியென்யாங் எனவும் தம்மவர் வழங்குவர் என்றும், வாணிகத்தில் வெறுமனே யாங்மாவ் எனின் செம்மறி மயிரையே எவரும் கொள்வர் என்றும் அவர் விளக்கினார். பின்பு, "உங்கள் தமிழில் ஆடு என்றால் எந்த ஆடு ஐயா?" என்று கேட்டாராம்.

துறைத்தலைவரே, அத்தனை புலவர் கூடிய இடத்தில், பொதியை அவிழ்த்து ஒரு கம்பளத்தைத் தடவிப் பார்க்க எவர்க்கும் கை இல்லாமற் போயிற்றா?

இவ்வளவும் எழுதிய வேளையில் மலைக்கோட்டைத் தூதன் வந்து நின்றான். காவலன் ஆதன் காவல்மேடையிலேயே குளிரில் விறைத்து மாண்டான் என்றும், அவன் போர்த்தியிருந்தது கிழிந்த கோணி என்றும் சொன்னான். நும்மைக் கடிய எண்ணியிருந்த சொற்கள் இனி வேண்டா.

கலைமான் இலச்சினை ஒற்றி விடுக்கும் அரசாணை இது. வணிகரை இன்றே விடுவித்து, நும் இருக்கையில் அமர்த்திப் பிழைபொறுக்க வேண்டுக. கம்பளங்களை நீவிரும் மொழிபெயர்ப்பாளரும் உடன்சென்று மலையேற்றுக. கோட்டையடியில் ஆதனின் மனைவி வெண்ணி இருக்கின்றாள். கம்பளம் ஏன் முன்னரே வரவில்லை என்று கேட்பாள். 'யாங்மாவ்' என்னும் சொல்லின் பொருளை அவளுக்கு நீவிரே எடுத்துரைக்க.