நெரிப்பது யார்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

என் வார்டில் இருக்கும் தையல்கார அக்கா, கழுத்தை யாரோ நெரிப்பதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். சோதனைகளில் எதுவும் தெரியாததால் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்போது நோயைக் கணிக்கும் விதிகளே மாறிவிட்டன. காரணம் கிடைக்காவிட்டாலும் வேதனை நிஜம்தான் என்று டாக்டர் நேற்று அவரிடம் சொன்னார்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ நெரிக்கிறவனும் நிஜமா டாக்டர்?"

"வேதனையைத்தாம்மா சொன்னேன்."

அக்கா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "சிஸ்டர், திரும்பாதீங்க."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் திரும்பவில்லை.

கவலைப்படாதீர்கள். உங்கள் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். ஃபோனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. சீருடையின் கழுத்துப் பொத்தான் மட்டும் போட்டதிலிருந்து இறுக்குகிறது, அவிழ்த்துவிட்டுத்தான் போகிறேன்.

உங்கள் மகள்