கட்டிய பெருவிரல்கள்

காதுக்குள் இன்னும் மணல் கிடக்கிறது. குளித்தும் போகவில்லை. இன்று துறைமுகக் கரையில் பிணமாகக் கிடந்தவன் நான்.

உமக்குச் சிரிப்பு வரும். அது உம்முடைய வேடம் அல்லவா? பொலிஸாருக்கும் புதிய டொக்டர்மாருக்கும் திடீர் மரண விசாரணை பழக்கும்போதெல்லாம், சட்ட வைத்திய அதிகாரியான நீரே மணலில் குப்புறக் கிடப்பீர். மரண விசாரணை அதிகாரியான நான் பக்கத்தில் நிற்பேன். ஒருமுறை ஒரு சார்ஜன்ட் உம்மைப் புரட்டி, முகத்து மண்ணைத் துடைத்து, கைகளை நெஞ்சில் சேர்த்து, தன் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியால் கால் பெருவிரல்களையும் கட்டிவிட்டார். நீர் எழும்பி இருந்து கத்தினீர்.

"ஐசே, நான் எப்பிடிச் செத்தனானெண்டு இனி ஆருக்குத் தெரியும்? செத்தவீட்டு வேலை முழுக்க முடிச்சுப்போட்டீர். இனி ஒப்பாரிதான் மிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன்ட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை படகுத்துறைப் படிகளின் அடியில் உம்மைக் கண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நீர் ஒரு வாங்குப் பலகையில் மல்லாந்து கிடந்தீர். முகம் கழுவி, தலை வாரி, பெருவிரல்களைக் கட்டியிருந்தார்கள். படியிலிருந்த இரத்தத்தையும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள்.

"என்ன செய்தனீர்?" என்றேன்.

"டொக்டரை அந்த ஊத்தையோட விட ஏலுமே, சேர்?"

அதே சார்ஜன்ட். நான் ஏச முடியாதபடி அழுதுகொண்டிருந்தார். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம்.

தலையில் காயம் என்பது தெரிந்தது. அது எப்படி வந்தது என்பதைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மேலிடத்தார் மலர்வளையம் அனுப்பினார்கள். வழுக்கி விழுந்திருப்பார் என்று சொல்லிக் கதையை முடித்தார்கள். உம்முடைய மகள் முடிக்கவில்லை. "மாமா, அப்பா வழுக்கினவரோ, ஆரும் தள்ளினவையோ?" என்று இன்றும் கேட்கிறாள். "தெரியாது, பிள்ளை." இத்தனை விசாரணை செய்த என்னிடம் அவளுக்குக் கொடுக்க இருக்கும் பதில் அவ்வளவுதான்.

உமக்குப் பிறகு பிணமாகக் கிடக்க ஒருவரும் முன்வரவில்லை. அதனால் நான் கிடக்கிறேன். இன்று அந்த சார்ஜன்ட், இப்போது இன்ஸ்பெக்டர், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பெண் பொலிஸின் நிழல் என் முகத்தில் விழுந்தது. "ஐயோ பாவம், கண்ணெல்லாம் மண்" என்றபடி குனிந்தாள்.

"தொடாதையும், பிள்ளை." அவருடைய குரல். "நான் ஒருக்காத் தொட்டனான். அந்தாளின்ர மகளுக்கு இண்டைக்கும் மறுமொழி இல்லை."

நிழல் விலகியது. பயிற்சி முடிந்தது என்று நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன், பெருவிரல்கள் சேராதபடி கால் இரண்டையும் நன்றாக அகட்டி வைத்தபடி. வீட்டில் கட்டிலிலும் இப்போது அப்படித்தான் படுக்கிறேன்.