கடற்கரை வீதியில் பாதியில் முடியும் சைக்கிள் பாதை

அனுப்புநர்:
புஷ்பவதி குலசிங்கம்,
லின்ஃபீல்ட், ஆக்லாந்து.

பெறுநர்:
வீதிப் பாதுகாப்புப் பொறுப்பதிகாரி அவர்கள்,
நகர வீதி அலுவலகம், ஆக்லாந்து.

விடயம்: சைக்கிள் விபத்து விசாரணையை மீண்டும் திறக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

தாய்மொழியில் எழுதலாம் எனத் தங்கள் அலுவலகம் அறிவித்திருப்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1. என் கணவர் குலசிங்கம், பென்ரோஸில் களஞ்சியமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவரும் அவரே. கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை வீதி முழுவதையும் ஒரே நாளில் ஓடி முடிப்பதென்று இருவரும் புறப்பட்டோம். எதிர்க்காற்று. ஆனாலும் கடல் கூடவே வந்ததால் களைப்புத் தெரியவில்லை. மதியம் புல்தரையில் இருந்து, கட்டிக்கொண்டு போன புட்டைச் சாப்பிட்டோம்.

2. திரும்பும்போது வீதி நிறையக் கார்கள், தரிக்க இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வளைவில் சைக்கிள் பாதை எவ்வித அறிவிப்புமின்றி முடிந்து, கார் தரிப்பிடமாக மாறுகிறது. ஒரு பக்கம் நிறுத்திய கார்கள், மறுபக்கம் பேருந்து. எனக்கு முன்னே சென்ற கணவர் அந்த இடுக்கில் அகப்பட்டபோது ஒரு காரின் கதவு திறந்தது. அவர் விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது.

3. கதவைத் திறந்த இளம்பெண் தன் மேற்சட்டையைக் கழற்றி என் கணவரின் தலைக்கு அணையாக வைத்தார். பின் இருக்கையில் அவரது குழந்தை அழுதது. கூடியவர்கள் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள். வலியிலும் என் கணவர் என்னிடம் சொன்னது இது:

“அவவை ஏச வேண்டாமெண்டு சொல்லும். எனக்குப் போக இடமில்லை, அவவுக்கு என்னைப் பார்க்கவும் வழியில்லை.”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னேன். அம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண் தார் வீதியிலேயே இருந்தார்.

4. இப்போது அந்தப் பெண்ணின் கவனக்குறைவே ஒரே காரணம் என்று முடிவு செய்து, விசாரணையை மூடிவிட்டதாகத் தங்கள் கடிதம் கூறுகிறது. கதவைத் திறந்த தவறை அவர் மறுக்கவில்லை. வைத்தியசாலைக்கும் வந்து பார்த்தார். அன்றிலிருந்து கார் ஓட்டப் பயந்து, குழந்தையுடன் பேருந்தில் போய்வருகிறாராம். பாதையை அந்த இடத்தில் முடித்தவர் அவரல்லர், ஐயா.

எனவே ‘ஒரே காரணம்’ என்ற முடிவை நீக்கி, ஒரு ஞாயிறு பிற்பகலில் அவ்விடத்தை நேரில் வந்து பார்த்து, பாதையைத் தொடர்ந்து அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஓர் எச்சரிக்கைப் பலகையாவது வேண்டும்.

அடுத்த மாதம் என் கணவர் மீண்டும் சைக்கிள் ஓடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரை முன்னே போகவிட்டுப் பின்னால் வரும் தைரியம்தான் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
பு. குலசிங்கம்

இடம்: ஆக்லாந்து
திகதி: 11.04.2025