டொரண்டோவில் கார் ஓட்டியவர்

அன்பு மகளுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து சிதம்பரம் திரும்பி ஒரு வாரமாகிறது. நேற்று போனில், "ஆண்ட்ரேவுக்கு உங்கள ரொம்பப் புடிச்சுப்போச்சுப்பா" என்றாய். உன் கணவர் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்னாலும் போனில் சொல்ல முடியவில்லை.

நீ வேலைக்குப் போனபோது அவர்தான் லீவு போட்டு எனக்கு டொரண்டோவைச் சுற்றிக் காட்டினார். சீனர் தெரு, போர்த்துக்கீசியர் ரொட்டிக்கடை எல்லாம் பார்த்துவிட்டு, ஸ்கார்பரோவில் தமிழர் கடையில் இட்லி சாப்பிட்டோம். அங்கே, கடலூர் கோர்ட்டில் என்னோடு வேலை பார்த்த கலியமூர்த்தி எதிரே வந்து நின்றார். மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாராம்.

"கூட யாரு சார்?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் வாய் தவறி வந்ததல்ல. கறுப்பினத்தவர் ஒருவரை மாப்பிள்ளை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துத்தான் சொன்னேன்.

"டிரைவர்."

ஆண்ட்ரேவுக்குப் புரியாத வார்த்தையா அது? எழுந்து கைகூப்பி, நீ சொல்லிக்கொடுத்த தமிழில், "ஆமாங்க, சாருக்கு நான்தான் கார் ஓட்றேன்" என்றார்.

காரில் ஏறியதும், "மாமா, குளுருதா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அவர் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.

இன்று காலை கலியமூர்த்திக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே தெரியும் சார். உங்க சட்டையில சிந்துன சாம்பார அவருதான தொடச்சாரு" என்றார்.

இதை ஆண்ட்ரேவுக்குப் படித்துக் காட்டு. நீ என்மேல் கோபப்பட்டால், அவர் எனக்காகத்தான் பேசுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அப்பா