கடைசிக் காட்சியில் வரும் தம்பி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா இருக்கிறார். நானும் இருக்கிறேன். உன் நலத்தைப் பத்திரிகையில் படித்துக்கொள்கிறோம்.

உன் மூன்று நாடகத்திலும் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்கிறார்கள். முதலாவதில் வீட்டுக்காக, அடுத்ததில் ஒரு பெண்ணுக்காக, இப்போது ஓடுவதில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்காக. மூன்றிலும் கடைசிக் காட்சியில் தம்பி வந்து கதவைத் தட்டுகிறான், அண்ணன் கட்டிக்கொண்டு அழுகிறான். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள், "உங்க தம்பிக்கு உங்கமேல எவ்வளவு பாசம்" என்று கண்கலங்கி நிற்கிறார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன பரிசோதனை செய்வது?

இங்கே கதவைத் தட்டுவது பால்காரர் மட்டும்தான். அப்பாவைத் தூக்கித் தூக்கி எனக்குக் குடல் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். அதன்பிறகு கனமாக எதையும் தூக்கக்கூடாதாம். உன் அண்ணிக்கு முதுகு ஏற்கெனவே போய்விட்டது. ஒரு பத்து நாள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூலை 15

அன்பு அண்ணாவுக்கு,

படித்ததும் மனம் கனத்துப்போனது. ஆனால் நாடகத்தையும் வாழ்க்கையையும் முடிச்சுப் போடாதே. மேடையில் நிற்கும் அண்ணன் நீ இல்லை, ஒரு குறியீடு. விமர்சகர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் முழுக்க ஆட்டம். நடுவில் 'சகோதர பாசம்' என்று ஒரு கருத்தரங்கில் வேறு பேச வேண்டும். நகர வழியில்லை. ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ளேன்? முன்வரிசை டிக்கெட் அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் என் மனசு உனக்குப் புரியும்.

உன் பிரியமுள்ள,
குட்டி

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

நர்ஸும் வைத்துப் பார்த்தாயிற்று. வேற்றாள் கை பட்டாலே அப்பா கூப்பாடு போட்டு விரட்டிவிடுகிறார்.

நாடகம் பார்த்தேன். நீ யாருக்கோ பேட்டி கொடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நானும் அழுதேன், அதுதான் எரிச்சல்.

ஆட்டம் முடிந்து, தம்பி வேடம் போட்டவர் என்னைத் தேடி வந்தார். "நீங்கதானே அவரோட அண்ணன்? அப்பா எப்படி இருக்காரு?" என்றார். உன் பக்கத்திலிருந்து அப்படிக் கேட்ட முதல் ஆள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, உனக்குத் தெரிந்திருக்காது. வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா, "வந்துட்டியாடா குட்டி?" என்றார். அந்த நடிகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "வந்துட்டேன்ப்பா" என்றார். அன்றைக்கு அப்பா தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் இல்லை.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். அன்றிலிருந்து பத்து நாள் அவர் இங்கே தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஆட்டம் நின்றுபோகுமே என்று கவலைப்பட்டார். தம்பி வேடத்தை நீயே போட்டுவிடு. வசனமெல்லாம் உனக்கு மனப்பாடம்தானே.

அண்ணன்