நடக்கவில்லை என்று எழுதப்பட்ட ஆட்டம்

உன்னை அடக்கத்தின் உருவம் என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்து மதில் முழுக்க உன் முகம். பசைகூடக் காயவில்லை, மைதா வாடை அடித்தது. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து உன் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வாழ்நாளெல்லாம் நீ கரித்துக்கொட்டிய குத்துவிளக்கைப் பக்கத்தில் வரைந்து, 'அடக்கமும் பொறுமையும் அணிகலனாகக் கொண்டு வாழ்ந்த அன்னைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று கீழே போட்டிருந்தார்கள். பூப்பந்து என்ற சொல் எந்த மூலையிலும் இல்லை. ஒட்டியது யார் என்று பார்த்தேன். உன்னை ஆடவிடாமல் வெளியே நிறுத்திய அதே மாவட்ட விளையாட்டுச் சங்கம்.

காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிய வரைக்கும் கிழித்தேன். எழுபதை நெருங்கும் பொம்பளை நட்ட நடு பஜாரில் சுவரொட்டி கிழித்தால் வேடிக்கை பார்க்காமல் என்ன செய்வார்கள்? வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து வந்து, "என்னம்மா, செத்தவங்க படத்தைப் போயி கிழிக்கிறீங்க" என்றார். செத்தவள் இதில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் "விடுங்க மேடம், நல்லதாத்தானே போட்டிருக்காங்க" என்பார்கள்.

நீ யார் என்பது எனக்குத் தெரியும். ஐவர் அணியின் நடு ஆட்டக்காரி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் நீ. உன் பின்னால் வலது மூலையில் நான். எதிரணி அடிக்கும் மஞ்சள் கம்பளிப் பந்தில் பாதிக்குமேல் நடு ஆட்டக்காரியைத் தேடித்தான் வரும்; அங்கே ஓட்டை விழுந்தால் மற்ற நால்வரும் சேர்ந்தாலும் அடைக்க முடியாது. அங்கே உன்னைத் தாண்டி வந்த பந்துகள் குறைவு. வந்தவையும் நீ வேண்டுமென்றே எனக்கு விட்டவையாகத்தான் இருக்கும். "பின்னாடி தூங்கிடப் போறியேன்னு விட்டேன்டி" என்பாய்.

உன் வாயும் அப்படித்தான், எதையும் விடாது. பெண்கள் ஆட்டத்தை உச்சி வெயிலிலும் ஆண்கள் ஆட்டத்தைச் சாயங்காலக் காற்றிலும் வைப்பார்கள். கறுத்துப்போவதற்கு மட்டும் எங்களுக்கு உரிமை உண்டா என்று போட்டி நடத்துகிறவர்களிடமே கேட்பாய். ஆண்கள் ஜெயித்தால் வெள்ளிக்கோப்பை, நாம் ஜெயித்தால் குத்துவிளக்கு, தோற்றால் குங்குமச்சிமிழ். நாம் பந்தடித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவோம் என்று அவர்களே முடிவுகட்டிய மாதிரி. உன் வீட்டுக் கட்டிலுக்கடியில் குத்துவிளக்குகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஒன்றைக்கூட நீ ஏற்றியதில்லை.

நன்னிலம் பக்கத்து ஊரில் நடந்த அந்தப் போட்டிக்கு வருகிறேன். அதைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொல்லிவிட்டார்கள். எதுவும் நடந்தபடி இல்லை.

மாசி மாதம். அந்த வருடம் அறுவடை சுமுகமாக நடக்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பு ஆட்கள் வரப்பில் கொடி நட்டார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தது. கடைத்தெருவில் போலீஸ் வேன் வந்து நின்றது. ஒருவழியாகப் பேசித் தீர்த்து அறுப்பு நடந்தது. ஊரில் மனக்கசப்பு தீரட்டும் என்றுதான் போட்டி வைத்ததாகப் பண்ணையார் சொல்லிக்கொண்டார். ஆடுகளமும் அவருடைய நெற்களம்தான். கதிரடித்து இறுகிய தரை, சாணம் தெளித்துக் கூட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டியிருந்தார்கள். நல்ல தரை என்று நீ குதிகாலால் தட்டிப் பார்த்துச் சொன்னாய். இன்னும் இரண்டு வயல் கதிர் அந்தக் களத்துக்கு வரவேண்டியிருந்தது.

இறுதி ஆட்டம் நமக்கும் மாயவரம் அணிக்கும். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். நடு ஆட்டக்காரி ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது. அது நீ அல்லது மாயவரத்து நடு ஆட்டக்காரி. உன் அப்பா அந்த ஒரு வருடம்தான் கெடு வைத்திருந்தார்; மாநில அணியில் வந்தால் ஆடு, இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கிறேன் என்றிருந்தார். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டை நீ தொடவில்லை. அவ்வளவு ஆசை உனக்கு.

மேடையில் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தலைமை விருந்தினர். பெண்ணுரிமை பற்றியும் பகுத்தறிவு பற்றியும் அவர் பேசிய பேச்சுக்கு நாமும்தான் கை தட்டினோம். அடுக்குமொழியில் அவ்வளவு அழகாகப் பேசினார். அவர் உட்கார்ந்து பன்னீர் சோடாவை வாயில் வைத்ததும் அறிவிப்பாளர் அதே ஒலிபெருக்கிக் குழாயில், அதே செந்தமிழில் சொன்னார்: "பெண் ஆட்டக்காரர்களில் வீட்டுக்குத் தூரமானவர்கள் யாரேனும் இருப்பின், களத்தில் கால் வைக்க வேண்டாம் என்று விழாக்குழுவின் சார்பில் அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

மாதவிலக்கைத்தான் அப்படிச் சொன்னார்கள். நெல் குவிக்கிற இடத்தில் தீட்டுப்பட்டால் பொலி குறையுமாம். ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தது. டீக்கடை வரை கேட்டிருக்கும். அதோடு விட்டார்களா? பண்ணையின் காரியஸ்தர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, பத்துப் பெண்களும் ஒவ்வொருவராகத் தன்னிடம் சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கவேண்டும் என்றார். தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை என்றுதான் அவர் முகம் சொன்னது. நம் அணியின் முன்வரிசைப் பெண் அழ ஆரம்பித்தாள். எனக்கு அப்போது எரிந்த எரிச்சல் இப்போது எழுதும்போதும் எரிகிறது.

நீ மைக்கைப் பிடுங்கினாய் என்பார்கள். பொய். மைக் பக்கமே நீ போகவில்லை. நின்ற இடத்திலிருந்துதான் கேட்டாய், மேடைக்குக் கேட்கும் குரலில். களத்தின் மறுபக்க வரப்பில், கிட்ட வரக்கூடாது என்று ஒதுக்கி உட்காரவைத்திருந்த அறுப்புப் பெண்களைக் காட்டினாய்.

"இவங்கதானே நேத்து வரைக்கும் கட்டு சுமந்தாந்து இங்க போட்டாங்க? இங்கதானே நின்னு தூத்துனாங்க? இவங்கள்ல ஒருத்தரையாவது இதைக் கேட்டீங்களா?"

காரியஸ்தர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். வரப்பிலிருந்துதான் பதில் வந்தது. வெற்றிலை போட்ட வாயோடு ஒரு நடுவயதுப் பெண், எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்: "எங்கள எங்க கேட்டாங்க? நாங்க தூரம்னு வீட்டுல உக்காந்தா கதிரு வயல்லயே மொளைச்சுப் போயிருமே."

வரப்பு முழுக்கச் சிரித்தது. மேடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நீ தலைமை விருந்தினரைப் பார்த்து, நீங்கள் இப்போது பேசியதற்கு என்ன அர்த்தம் என்று மரியாதையாகத்தான் கேட்டாய். அவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டு, "இது ஊர் வழக்கம் தங்கச்சி, இதுல கட்சி தலையிட முடியாது" என்றார். பகுத்தறிவுக்கும் எல்லைக்கல் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. பெண்ணின் உடம்பு வந்ததும் அது நின்றுவிடும்.

பெண்கள் இறுதி ஆட்டம் ரத்து என்று குழாயில் சொன்னார்கள். நடுவர் நாற்காலியை விட்டு இறங்கிப் போனார். அப்போது நீ செய்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. மாயவரத்து நடு ஆட்டக்காரியிடம் போய், "ஆடலாமா?" என்று மட்டும் கேட்டாய். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உனக்கு முன்னால் களத்தில் இறங்கினாள். பத்துப் பேரும் இறங்கினோம். அன்றைக்கு நம்மில் யார் தூரம் என்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

நடுவரில்லாமல் ஆடினோம். கோடு பார்க்க ஆளில்லை என்றதும் வரப்பிலிருந்த பெண்கள் எழுந்து வந்து நாலு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். பூப்பந்தின் சட்டம் அவர்களுக்குத் தெரியாது. பந்து விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியாதா? "உள்ளதான், உள்ளதான்" என்றார்கள். வெளியே விழுந்தால் கையை விரித்தார்கள். ஒரு தடவை நமக்குச் சாதகமாக ஒருத்தி சொல்லிவிட, நீயே போய் வெளியே விழுந்தது என்று சொல்லிப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தாய். மூன்றாவது செட் வரை போய் நாம் ஜெயித்தோம். மாயவரத்துப் பெண் வலைக்கு மேலாகக் கை கொடுத்தாள்.

சங்கத்தின் பதிவேட்டில் 'ஆட்டம் நடைபெறவில்லை' என்று எழுதினார்கள். உனக்கு ஒழுங்கு நடவடிக்கை. மன்னிப்புக் கேட்டால் மறுவருடம் சேர்த்துக்கொள்வோம் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டாய். மாநில அணியில் உன்னையும் எடுக்கவில்லை, அந்த மாயவரத்துப் பெண்ணையும் எடுக்கவில்லை. நீயில்லாமல் ஆடமாட்டோம் என்று நாங்கள் நால்வரும் நின்றோம். அதையும் உன் தலையிலேயே கட்டி, அணியைக் கலைத்தவள் என்றார்கள். ஆறாம் மாதம் உனக்குக் கல்யாணம் நடந்தது.

இதெல்லாம் எதிரிகள் செய்தது. நம்மவர்கள் செய்ததையும் சொல்லவேண்டும். தலைமுடி நரைத்த பிறகு உன்னைத் தேடிக் கண்டுபிடித்து மகளிர் தின மேடைகளில் ஏற்றினார்கள். துணிச்சல்காரி, அஞ்சாநெஞ்சம் கொண்டவர், மைக்கைப் பிடுங்கி ஆதிக்கத்தைக் கேள்வி கேட்டவர். சால்வை மேல் சால்வை. முதலிரண்டு கூட்டத்துக்குச் சந்தோஷமாகத்தான் போனாய். பிறகு ஒருநாள் கும்பகோணத்தில் ஒரு கூட்டம் முடிந்து, திரும்பிவரும் பேருந்தில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜரிகையை விரலால் நெருடிக்கொண்டு வந்தாய். அய்யம்பேட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய்.

"என் வாயைத்தான்டி எல்லாரும் பேசுறாங்க. என் ஆட்டத்தை ஒருத்தர் கேக்கல. நான் பேசப் பொறந்தவளா? அன்னைக்கு அவங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா நான் பாட்டுக்கு ஆடிட்டுப் போயிருப்பேன்."

ஓர் ஆண் ஆட்டக்காரன் சண்டை போட்டால், நல்ல ஆட்டக்காரன், கொஞ்சம் கோபக்காரன் என்பார்கள். ஆட்டம்தான் முன்னால் நிற்கும். நீ ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாய், அத்தனை வருட ஆட்டமும் அந்தக் கேள்விக்குப் பின்னால் போய்விட்டது. பேசாதே என்கிறவன் ஒருபக்கம், பேசியவள் என்று மட்டும் சொல்கிறவன் மறுபக்கம். இரண்டு பேருமே உன்னை ஆடவிடவில்லை. பெண்பிள்ளைகள் பேசவேண்டும், பேசத்தான் வேண்டும். ஆனால் விளையாட வந்தவளை எதற்காக முதலில் பேசவைக்கிறீர்கள் என்று இவர்களில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நீ போன பிறகு உன்னைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. கடைசிப் புள்ளியைத்தான் சொல்கிறேன். பொறுமையில்லாதவர்கள் எழுந்து போகட்டும், எனக்கென்ன. மாயவரத்துப் பெண் உன் காலடிக்கு இறக்கி அடித்தாள். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நீ முழங்கால் தரையில் படக் குனிந்து பந்தை எடுத்தாய். ஓங்கி அடிக்கப்போகிறாய் என்று அவர்களின் பின்வரிசை இன்னும் பின்னால் ஓடியது. நீ மணிக்கட்டை லேசாகத் திருப்பினாய், அவ்வளவுதான். பந்து வலையைத் தொட்டும் தொடாமலும் ஏறி, முன்வரிசைக்கும் நடுவுக்கும் இடையில், அவர்களில் ஒருத்தியும் நிற்காத இடத்தில் மெதுவாக விழுந்தது. பின்னாலிருந்த எனக்குக்கூட அந்த இடம் தெரியவில்லை. உனக்கு மட்டும் தெரிந்திருந்தது.